ஜன்னலோரத்தில் போட்ட துண்டு

அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் மரகதவல்லி ஜன்னல் வழியாக எறிந்த நீலக்கரைத் துண்டு குறி தப்பாமல் சீட்டில் போய் விழுந்ததில் புதுமை ஒன்றும் இல்லை, அந்த ஊரில் அது தினமும் நடப்பதுதான். ஆனால் அந்தத் துண்டு பிடித்து வைத்த இடம், ஓர் ஆள் அகலத்துக்கு, பஸ்ஸை விட்டு இறங்கி அவளுக்கு இடப்பக்கமாகக் கூடவே நடந்து சங்குமுனைக்குள் வந்து சேர்ந்ததை அந்தக் கடற்கரைக்காரர்கள் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதையும் அவர்கள் அதிசயமாகச் சொல்வதில்லை, அந்த வருசம் ஆடிக் காற்று எப்படி அடித்தது என்று சொல்லவரும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்குப் போய்விடுவார்கள்.

மரகதவல்லி ரவிக்கை தைப்பவள். ஐம்பதைத் தாண்டியவள், புருசன் போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆயிற்று. அவள் பஸ் ஏறாதவள் என்று சொல்ல முடியாது, மாமியாருக்குத் துணையாக மதுரை ஆஸ்பத்திரிக்கு, நாத்தனாருக்குத் துணையாகப் புடவை எடுக்க, மகனுக்குத் துணையாகப் பரீட்சைக்கு என்று காலம் பூராவும் யாருக்காவது துணையாகவே போய் வந்தவள். தனக்கென்று ஒரு டிக்கெட் வாங்கிப் போனதில்லை, அவ்வளவுதான். அவளுடைய சிநேகிதி தாட்சாயணி வேறு மாதிரி. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், எந்த ஊருக்கு எந்த பஸ் எந்த வாசலில் நிற்கும் என்று சொல்லக்கூடியவள், என்ன, பஸ் கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டினால் குமட்டும். அதனால் இருவரும் சேர்ந்து எங்கே போனாலும் ஜன்னலோரம் தாட்சாயணிக்கு, நடைபாதைப் பக்கம் மரகதத்துக்கு. கையில் எலுமிச்சம்பழத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டே வருவதில் மரகதம் எந்த ஊரையும் வழியில் பார்த்ததில்லை.

ஓசூரிலிருந்த மகன் அறிவழகன் அம்மாவைத் தன்னோடு வந்துவிடச் சொல்லி ஒரு வருசமாக நச்சரித்தான். தையல் மிசினை வாங்க ஆள்கூடப் பார்த்துவிட்டான், வீட்டை வாடகைக்கு விடுவதாகப் பேச்சு. கெட்ட பிள்ளை இல்லை, அம்மா மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னான், பிரியத்தில் சொல்வதைத் தட்டுவதுதான் கஷ்டம். அவள் போக மாட்டேன் என்றபோது அவன் ஒன்றே ஒன்று கேட்டான்: "தனியா நீங்க எங்கயாச்சும் இருந்திருக்கீங்களாம்மா, ஒரு நாளாவது?" இருந்ததில்லை, அது உண்மைதான். அந்தக் கேள்வி தொண்டையில் மீன்முள்ளாகக் கிடந்து உறுத்த, ஆடியில் தையல் குறையும், நாலு நாள் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து யோசிப்போம் என்று தாட்சாயணியோடு சேர்ந்து திட்டம் போட்டாள். திரும்பி வந்ததும் மகனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பஸ் நிலையத்தில் சங்குமுனை வண்டி உள்ளே திரும்பிய நேரம் பார்த்துப் போன் அடித்தது. கொழுந்தனார் குடும்பத்தோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டார், இன்றைக்கு முடியாது, நீ போய் ரூமைத் திறந்து வை, நாளைக்கு நான் வந்துவிடுகிறேன் என்றாள் தாட்சாயணி. மரகதம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கை பழக்கதோசத்தில் துண்டை உருவி ஜன்னலுக்குள் எறிந்துவிட்டது. ஏறிப் போய்ப் பார்த்தால் துண்டு ஜன்னலோரம் கிடக்கிறது, எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை, பக்கத்தில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஒருவர் வந்து தள்ளி உட்காரச் சொன்னார். "ஆள் வருது" என்றாள். பஸ் கிளம்பிப் பந்தல்குடி தாண்டியும் நின்றவர்கள் கேட்டார்கள், அவளும் ஆள் வருது என்றாள், ஓடுகிற பஸ்ஸில் எங்கிருந்து ஆள் வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை, துண்டு கிடந்தால் கிடந்ததுதான், அதுதானே நம் பக்கத்து வழக்கம். இப்படி வழி நெடுகச் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் பாகு இறுகுவதுபோல இறுகிவிட்டது. சங்குமுனை வந்ததும் பையை எடுத்துக்கொண்டு பதற்றத்தில் இறங்கிப் போனவள், துண்டை எடுக்க மறந்துபோனாள்.

சங்குமுனையில் ஆடி மாதம் என்றால் காற்றுதான். கட்டுமரமும் வள்ளமும் கரையேறிக் கிடக்க, ஆண்கள் வேலையற்றுக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டும் போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். மரகதம் தெருவில் நடந்தபோது அவர்கள் கண்ணில் முதலில் பட்டது, காற்று அவளுடைய இடப்பக்கம் மட்டும் அடிக்கவில்லை என்பது. வலப்பக்கம் முந்தானை பறக்கிறது, மணல் சுழல்கிறது, இடப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு அமைதியாக இருக்கிறது. எதிரே சைக்கிளில் வந்தவர் அவளை விட்டும் அந்த அகலத்தை விட்டும் விலகிப் போனார், ஒரு நாய் அதைச் சுற்றிக்கொண்டு ஓடியது. வலை பொத்தியவர்களில் ஒருவர், யாருக்கோ இடம் பிடிச்சு வச்சிருக்காவ போலிருக்கு என்றார். மற்றவர்கள் ஆமாம் என்று சொல்லி நூலைப் பல்லால் கடித்தார்கள்.

லாட்ஜில் பையை வைத்துவிட்டு அவள் சாப்பிடப் போன இடம் செல்லக்கனியின் சாப்பாட்டுக் கடை. செல்லக்கனிக்கும் ஏறத்தாழ அவள் வயசுதான், உரத்த குரல், ஒற்றை ஆளாகக் கடையை நடத்துகிறவள். அங்கே நீளமான ஒரு பெஞ்ச், அதில் மரகதம் உட்கார்ந்ததும் அவளுக்கு இடப்பக்கம் இருந்தவர்கள் எல்லாரும், யாரும் சொல்லாமலே, ஓர் ஆள் அளவுக்கு நகர்ந்துவிட்டார்கள். ஓர் ஆட்டோக்காரர் இடைவெளியைப் பார்த்து வந்து உட்காரப்போனவர், எப்படியோ பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தார், தான் அங்கே எப்படி வந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. செல்லக்கனி அந்த இடைவெளியைப் பார்த்தாள், மரகதத்தைப் பார்த்தாள், யாருக்கு என்று கேட்டாள். சிநேகிதிக்கு, நாளைக்கு வருவாள் என்றாள் மரகதம். செல்லக்கனி இன்னோர் இலையை எடுத்து அங்கே விரித்துத் தண்ணீர் தெளித்து ஒரு கரண்டி சோறு வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ஊர் அந்த இடத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. லாட்ஜ்காரர் இரண்டு டம்ளர் வைத்தார். கோயில் வரிசையில் பூசாரி மரகதத்துக்குத் திருநீறு கொடுத்துவிட்டு அவள் பக்கத்திலும் ஒரு விநாடி கையை நீட்டி, பிறகு அடுத்த ஆளுக்குப் போனார். உப்பளத்துப் பெண்கள் வேலை முடிந்து வரும்போது பாதையை இரண்டு ஆளுக்கு விட்டு நடந்தார்கள். வலை பொத்துகிறவர்களுக்குள்தான் வழக்கு. இடம் அவளுடையது என்று ஒரு கட்சி, வரப்போகிறவளுடையது என்று ஒரு கட்சி, வருகிறவரைக்கும் இடம் ஊருடையது என்று மூன்றாவதாக ஒரு கட்சி, மூன்று பேரும் டீ ஆறும்வரை பேசி, துண்டைப் போட்டவர்தான் எடுக்க வேண்டும், மற்ற ஆள் கை வைக்கக் கூடாது என்ற ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

இதில் பாவம், அடிபட்டவர் கண்டக்டர் சுடலைமணி. துண்டு அவர் பஸ்ஸிலேயே கிடந்தது. ஒரு நாள் முழுக்க அந்த ஜன்னலோரத்தில் ஒருத்தராலும் உட்கார முடியவில்லை, உட்காரப் போகிறவர்கள் தள்ளிப்போய் வேறு சீட்டில் இருந்தார்கள், அவர் எடுக்கப் பார்த்தால் துண்டு சீட்டோடு தைத்த மாதிரி வர மறுத்தது. மறுநாள் காலை வண்டி வந்ததும் செல்லக்கனி கடைக்கே வந்து மரகதத்திடம் முறையிட்டார். வந்து துண்டை எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா, கூட்ட நேரத்தில் ஒரு சீட்டு சும்மா போகிறது என்றார். ஆள் வருகிறது, வந்ததும் எடுத்துவிடுகிறேன் என்றாள் அவள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார், ஆள் வருகிறது என்று சொல்லிவிட்ட பிறகு அவர்தான் என்ன செய்ய முடியும்.

மரகதத்துக்கோ இருப்புக்கொள்ளவில்லை. லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்தால் பக்கத்துக் கட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறது, எழுந்து வெளியே வந்தால் இடமும் எழுந்து வருகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து உப்பளம் வரைக்கும் நடப்பாள், திரும்பி நடப்பாள், டீ சொல்லிவிட்டு வருவதற்குள் எழுந்துவிடுவாள். பனங்கிழங்கு விற்றவளிடம் போய் நின்றுவிட்டு, தாட்சாவுக்கு வாயு பிடிக்குமே என்று வாங்காமல் வந்தாள், வந்த பிறகு, சாப்பிடப் போவது நான்தானே என்று எரிச்சலாக இருந்தது. கடலில் கால் வைக்க ஆசை, அவள் வந்த பிறகு சேர்ந்து இறங்கலாம் என்று கரையிலேயே நின்றாள். தனியாக இருந்தாலும் தேவலை, யாராவது கூட இருந்தாலும் தேவலை, இது இரண்டும் இல்லாமல் இடுப்பில் சொருகிய சாவிக்கொத்து மாதிரி எந்நேரமும் குத்திக்கொண்டிருந்தது. மகன் போனில் கேட்டபோது, தாட்சா பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று சொன்னாள். சொல்லும்போது நாக்கு கூசியது.

இதற்கிடையில் ஊர்ப் பெண்கள் சிலர் வர ஆரம்பித்தார்கள். மகன் சவுதிக்குப் போய்ப் போன் வராத ஒரு தாய் வந்து, அந்த இடத்துக்கு அந்தப் பக்கம் மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அடுத்து மகள் கோபித்துக்கொண்டு போன ஒருத்தி. அடுத்து ஓடிப்போன தம்பியை இன்னும் எதிர்பார்க்கிற ஒருத்தி. காற்றில்லாத அந்த அகலத்தின் ஓரத்தில் அவர்களுக்கு மனசு அடங்கியது போலிருந்தது. உங்க ஆள் வந்துட்டா எங்க ஆளும் வந்துரும்மா என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். அதைக் கேட்கக் கேட்க மரகதம் வந்த நாளைவிட அதிகம் நடந்தாள்.

சொன்னபடி மறுநாள் வராத தாட்சாயணி மூன்றாம் நாள் போன் செய்தாள். கொழுந்தனார் குடும்பம் இன்னும் கிளம்பவில்லை, பேரனுக்குக் காய்ச்சல், இந்தத் தடவை நடக்காது மரகதம், நீ கோவிச்சுக்காதே, வேணும்னா நீயும் கிளம்பி வந்துரு, தனியா அங்க என்ன செய்வே என்றாள். மரகதத்துக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அந்தக் கடைசிக் கேள்வி மகன் கேட்ட மாதிரியே இருந்தது. போனை வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தால், பஸ் வருகிற நேரம் என்று ஊரே நிறுத்தத்தில் நிற்கிறது. யாரோ பூச்சரம் வாங்கி வந்திருக்கிறார்கள், லாட்ஜ்காரர் குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறார். ஆள் வராது என்று சொல்ல வாயைத் திறந்தாள், சவுதிக்காரன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

பஸ் வந்து நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள், அதில் தாட்சாயணி இல்லை. ஒருவர் முகமும் வாடவில்லை. "நாளைக்கு வருவாவ" என்று ஒருத்தர் சொல்ல, ஆமா, நாளைக்கு என்று எல்லாரும் சொல்லிக்கொண்டு கலைந்தார்கள், பூச்சரத்தை வாழை இலையில் பொதிந்து தண்ணீர் தெளித்து எடுத்துப் போனார்கள். அந்த நாளைக்கு என்ற சொல்லை அவர்கள் அவ்வளவு லேசாகச் சொன்னதைக் கேட்டு மரகதத்துக்குப் பயம் வந்தது. இந்த ஊர் என்னோடு சேர்ந்து வருசக்கணக்கில் காத்திருக்கும், ஒரு குறையும் சொல்லாது, நான் இங்கேயே நரைத்துப் போவேன் என்று நினைத்தாள்.

செல்லக்கனியிடம்தான் போனாள். சாப்பாட்டு நேரம் முடிந்து கடையில் யாரும் இல்லை. அடுப்புப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி, அதன் முதுகில் வெளுத்துப்போன ஒரு சிவப்புத் துண்டு கிடந்தது, இத்தனை நாளாக அவள் அதைக் கவனித்ததில்லை. யாரும் அதில் உட்கார்ந்தும் அவள் பார்த்ததில்லை. சிநேகிதி வர மாட்டாள் என்பதை மரகதம் மெதுவாகச் சொன்னாள். செல்லக்கனி பாத்திரம் தேய்க்கிற கையை நிறுத்தவில்லை. அவள் புருசன் இதே மாதிரி ஓர் ஆடியில் சொல் கேளாமல் கடலுக்குப் போனவன், வள்ளம் வந்தது, ஆள் வரவில்லை, அன்றைக்கு அவன் குளித்துவிட்டு வந்து உட்காருவதற்காகப் போட்டு வைத்த துண்டுதான் அது.

"மொதல்ல அது எனக்குத் தொணையாத்தான் இருந்துச்சு," என்றாள் செல்லக்கனி. "இடம் இருக்குல்லா, அப்ப ஆளும் இருக்கும்னு. பொறவு பாத்தா, நான் எங்க போனாலும் இந்த நாற்காலிக்குப் பக்கத்துல திரும்பி வந்து நிக்கேன். அக்கா மக கல்யாணத்துக்குக்கூட போவல. இடத்தை நான் பிடிச்சு வச்சிருக்கேன்னு நெனச்சேன். அதுதான் என்னயப் பிடிச்சு வச்சிருக்கு."

பிறகேன் எடுக்கவில்லை என்று மரகதம் கேட்டாள். செல்லக்கனி குழம்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். மரகதம் எழுந்து போய்க் கழுவின பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் மரகதம் பனங்கிழங்கு வாங்கினாள். கரையில் நின்றே தின்று முடித்து, தொலியைக் காற்றில் விட்டுவிட்டு, புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு கடலில் இறங்கினாள். முதல் அலை முழங்காலைத் தள்ளியது, அடுத்தது இடுப்பை, பிடித்துக்கொள்ளக் கையை இடப்பக்கம் நீட்டினாள், பிடிக்க ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தால் இடம் கரையிலேயே நின்றுவிட்டிருந்தது, மணல் பறக்காத ஓர் அகலம், அவ்வளவு தூரத்தில் அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. தாட்சாயணி வந்திருந்தாலும் அங்கேதான் நின்றிருப்பாள், தண்ணீர் என்றால் அவளுக்குப் பயம். மரகதம் சத்தமாகச் சிரித்தாள், வாய்க்குள் உப்புத் தண்ணீர் போயிற்று, துப்பிவிட்டு இன்னும் சிரித்தாள். கரையேறியதும் இடம் பழையபடி வந்து ஒட்டிக்கொண்டது, ஆனால் அவள் அதற்கு வழி விட்டு நடக்கவில்லை.

ஊருக்குத் திரும்ப வேண்டிய காலையில் சுடலைமணியின் பஸ் வந்து நின்றபோது நிறுத்தத்தில் மறுபடி கூட்டம், பூச்சரம் வாடி ஓரத்தில் பழுத்திருந்தது. இறங்கியவர்களில் அன்றும் தாட்சாயணி இல்லை. நாளைக்கு என்று சொல்ல எல்லாரும் வாயெடுக்கும்போது மரகதம் பையைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டாள். பஸ்ஸில் நெரிசல். அந்த இரண்டு பேர் சீட்டில் மட்டும் ஜன்னலோரம் நீலக்கரைத் துண்டு கிடக்க, பக்கத்து இடமும் காலியாக இருந்தது, அவள் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நெருக்கிக்கொண்டு வந்து, ஜன்னலைக் காட்டி, "அக்கா, அங்க ஆள் வருதா?" என்று கேட்டாள். சுடலைமணி பதில் தெரிந்த ஆளாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே காற்றில் நின்ற செல்லக்கனி திருப்பிக்கொள்ளவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரகதம் கையை நீட்டித் துண்டை எடுத்தாள். அது சுலபமாக வந்தது. உதறி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பாதி எழுந்து, ஜன்னலோரத்துக்கு நகர்ந்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி அந்த இடம் முதலில் வெதுவெதுப்பாக இருந்தது, பிறகு ரெக்ஸின் கிழிந்த வெறும் சீட்டாகிவிட்டது.

"ஆள் வந்தாச்சும்மா," என்றாள், தான் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டி. "நீ இங்க உக்காரு."

அத்தனை நாளாக அவள் இடப்பக்கம் அடிக்காத காற்று முழுவதும் சேர்ந்து ஜன்னல் வழியாக முகத்தில் அறைந்தது. அதே நேரத்தில் சாப்பாட்டுக் கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் ஓர் ஆள் அளவுக்குத் திரும்ப நகர்ந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டார்களாம், லாட்ஜில் இரண்டாவது டம்ளர் தானாகக் கவிழ்ந்துகொண்டதாம். நிறுத்தத்தில் நின்ற சவுதிக்காரன் அம்மா அழுதாள். செல்லக்கனி மட்டும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி, திரும்பிக் கடையைப் பார்க்க வேகமாக நடந்தாள். பஸ் திரும்பும்போது மரகதம் பார்த்தாள், கடை வாசலில் அந்த மர நாற்காலி வெளியே வெயிலில் கிடந்தது, செல்லக்கனி அதில் உட்கார்ந்து, சிவப்புத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உப்பளங்கள் ஜன்னலில் வந்தன, வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், அவற்றுக்கு மேல் பறவைகள்; வரும்போதும் இதே வழிதான், ஒன்றையும் அவள் பார்த்திருக்கவில்லை. போன் அடித்தது, அறிவழகன்தான், எங்கே இருக்கிறீர்கள், தாட்சா அத்தை கூடத்தானே வருகிறீர்கள் என்று கேட்டான். அவள் வரவே இல்லை, நான்தான் நாலு நாளும் இருந்தேன் என்றாள் மரகதம். அவன் பதறி என்னவெல்லாமோ சொன்னான். "காத்து அடிக்குதுடா, ஒண்ணும் கேக்கல," என்றாள். "மிசினைப் பாக்க வாறவங்கள வேற மிசின் பாத்துக்கச் சொல்லு. ஓசூருக்கு நான் வருவேன், வரணும்னு தோணுறப்ப. கூட்டிட்டுப் போக யாரும் வர வேணாம்." போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பக்கத்துப் பெண்ணின் குழந்தை ஜன்னலைக் காட்டி அழ ஆரம்பித்தது. மரகதம் அதைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தாள், வேடிக்கை காட்டினாள், மூக்கைத் துடைத்துவிட்டாள், அருப்புக்கோட்டை வரைக்கும் இடத்தை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை.